நடுத்தர விலை லப்டொப்பில் கேம்: கார்டின் பெயரைப் பார்த்து வாங்கலாமா?

பரந்தன்_தம்பி

எல்லாருக்கும் வணக்கம். ஏ.எல் முடித்து பொறியியல் பீடம் கிடைத்திருக்கிறது. அறிவியல்நகரில் விரைவில் தொடங்கப் போகிறார்கள். அம்மாவும் கனடாவில் இருக்கும் மாமாவும் சேர்ந்து லப்டொப் வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். மூன்று லட்சம் ரூபாய் வரை போகலாம். முதலிடம் படிப்புக்குத்தான். ஆனால் கேமும் விளையாட வேண்டும். ஜிடிஏ 5, வலோரண்ட், முடிந்தால் ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2.

கடையில் ஆர்டிஎக்ஸ் 2050, ஆர்டிஎக்ஸ் 3050, ஆர்டிஎக்ஸ் 4050 என்று மூன்று என்விடியா கிராபிக்ஸ் கார்டுகள் (கேமின் படத்தைத் திரைக்கு வரைந்து கொடுக்கும் பாகம்) உள்ள லப்டொப்களைக் காட்டினார்கள். "எல்லாம் ஆர்டிஎக்ஸ்தான் தம்பி, எந்தக் கேமும் ஓடும்" என்றார் கடைக்காரர். ஆனால் விலையில் நிறைய வித்தியாசம் இருக்கிறது. உள்ளுக்குள் என்ன வித்தியாசம்? இப்போது மலிவானதை வாங்கிவிட்டு, பிறகு கார்டை மட்டும் மாற்றலாம் என்று நண்பன் சொல்கிறான். முடியுமா?

முத்தையன்கட்டு

மாற்ற முடியாது தம்பி. இந்த விலை லப்டொப்களில் கிராபிக்ஸ் சிப்பும் அதன் மெமரியும் மதர்போர்டிலேயே ஈயம் வைத்து ஒட்டியிருக்கும். ராமும் எஸ்எஸ்டியும் பிறகு கூட்டலாம். கார்டு வாங்கிய அன்றைக்கு என்னவோ கடைசி வரைக்கும் அதுதான். ஆகவே காசை முதலில் அங்கே போடுங்கள்.

திருத்துனர்_வவுனியா

முத்தையன்கட்டு சொன்னது சரி. கடைக்காரர் சொன்னதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த இடத்தில்தான் எங்கள் பெடியளின் காசு வீணாகிறது.

ஆர்டிஎக்ஸ் 2050 இன் உள்ளே இருப்பது 30 வரிசைச் (3050, 3060 என்று பெயர் வரும் தலைமுறை) சிப்தான். 3050 இன் 4 ஜிபி வகையில் இருக்கும் அதே 2048 கூடா கோர்கள் (சிப்பில் கணக்குப் போடும் சிறு அலகுகள்) இதிலும் உண்டு. மெமரியும் அதே 4 ஜிபி. அப்படியென்றால் இரண்டும் ஒன்றுதானே என்று தோன்றும். ஒன்றில்லை. 2050 இல் சிப்புக்கும் மெமரிக்கும் இடையிலான பாதை 64 பிட், 3050 4 ஜிபியில் 128 பிட். இரணைமடுக் குளத்தில் எவ்வளவு தண்ணீர் நின்றாலும் வாய்க்கால் ஒடுங்கினால் வயலுக்குப் போய்ச் சேர்வது கொஞ்சம்தான், அதே கதைதான் இதுவும். கோர்கள் சும்மா நிற்கும், தரவு வந்து சேராது.

அடுத்தது வாட். லப்டொப் கார்டுக்கு எவ்வளவு மின்சாரம் கொடுப்பது என்பதை லப்டொப் செய்யும் கொம்பனி தீர்மானிக்கிறது. என்விடியா ஒரு வீச்சைத்தான் கொடுக்கும். 3050 க்கு 35 முதல் 80 வாட். 4050 க்கும் 4060 க்கும் 35 முதல் 115 வாட். மெல்லிய லப்டொப்பில் 45 வாட்டில் கட்டிப்போட்ட 4050 உம், தடித்த லப்டொப்பில் முழு வாட் கிடைக்கும் 4050 உம் பெட்டியில் ஒரே பெயரோடுதான் வரும். முன்பு குறைந்த வாட் வகைக்கு மக்ஸ்-கியூ என்று பெயரிலேயே போட்டிருந்தார்கள். 2021 இல் 30 வரிசை வந்தபோது அதை எடுத்துவிட்டார்கள். இப்போது கொம்பனியின் விபரப் பக்கத்தில் டிஜிபி (கார்டுக்குக் கொடுக்கும் உச்ச வாட்) என்று இருக்கும் எண்ணைத் தேடிப் பார்த்தால்தான் தெரியும். சில கொம்பனிகள் அங்கேயும் போடுவதில்லை.

மூன்றாவது, மேசைக் கணினிக் கார்டின் பெயரும் லப்டொப் கார்டின் பெயரும் ஒன்றாக இருப்பது. மேசைக் கணினியின் ஆர்டிஎக்ஸ் 4070 இல் 5888 கோர்களும் 12 ஜிபி மெமரியும் உண்டு. லப்டொப் 4070 இல் 4608 கோர்கள், 8 ஜிபி. யூடியூபில் ஒரு கேம் நன்றாக ஓடுவதைப் பார்த்துவிட்டு வாங்குவதற்கு முன், அது எந்தக் கார்டு என்று வீடியோவின் கீழே இருக்கும் விபரத்தை வாசியுங்கள்.

மாங்குளம்_சந்தி

இவ்வளவு சிக்கல் எதற்கு? அதே காசுக்கு மேசைக் கணினி கட்டலாம். பாவித்த ஆர்டிஎக்ஸ் 3060 12 ஜிபி கார்டு ஒன்று எடுத்தால் 4050 லப்டொப்பை விட நன்றாக ஓடும், மெமரி இரண்டு மடங்கு. பழுதானால் பழுதான பாகத்தை மட்டும் மாற்றலாம். நாலு வருடம் கழித்துக் கார்டை விற்றுவிட்டுப் புதிது போடலாம். லப்டொப்பில் கேம் என்பது கூடக் காசு கொடுத்துக் குறைய வாங்குவது.

மல்லாவி_அக்கா

மாங்குளம், நீங்கள் சொல்வது கேமுக்கு மட்டும் சரி. ஒரு முதலாம் வருடப் பிள்ளை அறையை வாடகைக்கு எடுத்து இருக்கும். லாபுக்கும் விரிவுரைக்கும் கொண்டு போக வேண்டும், சனி ஞாயிறு வீட்டுக்கு வர வேண்டும். மேசைக் கணினியை பஸ்ஸில் தூக்கிக்கொண்டு ஏ9 வழியே திரிய முடியுமா? கரண்ட் போனால் செய்துகொண்டிருந்த வேலையும் போகும். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் நின்றதை மறந்துவிட்டீர்களா? அந்த நேரம் லப்டொப் வைத்திருந்த பிள்ளைகள்தான் ஒப்படையை முடித்துக் கொடுத்தார்கள்.

தம்பி, பொறியியலுக்கு என்ன தேவை என்பதையும் சொல்லிவிடுகிறேன், நான் வீட்டுப் படம் வரைகிற வேலை செய்கிறேன். ஆட்டோகாட்டில் இரு பரிமாணப் படத்துக்குப் பெரிய கார்டு தேவையில்லை. மட்லாப் பெரும்பாலும் புரொசஸரையும் ராமையும்தான் கேட்கும். முப்பரிமாண வடிவமைப்புக்கான சொலிட்வேர்க்ஸில் பெரிய அசெம்பிளி (பல பாகங்கள் சேர்ந்த வடிவம்) வரும்போது கார்டு உதவும். பிளெண்டரில் ரெண்டர் செய்தால் என்விடியா கார்டின் கூடா கோர்கள் நேரத்தை நன்றாக மிச்சம் பிடிக்கும். ஆகவே அம்மாவிடம் "படிப்புக்கும் கார்டு தேவை" என்று மனச்சாட்சியோடு சொல்லலாம்.

முத்தையன்கட்டு

நான் 3050 4 ஜிபி லப்டொப்தான் பாவிக்கிறேன். 4 ஜிபி எங்கே முட்டுகிறது என்று பார்த்ததைச் சொல்கிறேன்.

ஜிடிஏ 5 இன் கிராபிக்ஸ் செற்றிங்கில் மேலே ஒரு கோடு இருக்கும், வீடியோ மெமரி எவ்வளவு போகும் என்று காட்டும். பழைய 2015 பதிப்பில் டெக்ஸ்சரை (பொருட்களின் மேற்பரப்பில் ஒட்டும் படங்களின் தரம்) உயர்த்தினாலும் அந்தக் கோடு 4 ஜிபிக்குள்தான் நிற்கும், 60 எஃப்பிஎஸ் (ஒரு செக்கனுக்கு வரும் படங்களின் எண்ணிக்கை) தாராளமாக வரும். அதற்கு அவர்கள் பரிந்துரைத்ததே 2 ஜிபி கார்டுதான். வலோரண்ட் எந்தக் கார்டிலும் ஓடும், அது புரொசஸரைக் கேட்கிற கேம்.

ரெட் டெட் 2 வேறு மாதிரி. அதற்குப் பரிந்துரைத்தது ஜிடிஎக்ஸ் 1060, 6 ஜிபி. என் லப்டொப்பில் டெக்ஸ்சரை அல்ட்ராவில் வைத்து, காட்டுப் பக்கம் குதிரையில் போகும்போது எல்லாம் சுகம். சான் டெனி நகரத்துக்குள் நுழைந்ததும் டாஸ்க் மனேஜரைத் திறந்து பார்த்தேன். கார்டின் சொந்த மெமரி நிரம்பி ஒரே மட்டத்தில் நிற்கிறது. கீழே "பகிர்ந்த மெமரி" என்ற கோடு ஏறத் தொடங்குகிறது. அது ஏறும் ஒவ்வொரு தடவையும் குதிரை அரைச் செக்கன் உறைந்து நிற்கும். எஃப்பிஎஸ் சராசரியைப் பார்த்தால் 45 என்று நல்லபிள்ளையாகக் காட்டும், விளையாடுகிறவனுக்குத்தான் எரிச்சல். கார்டின் மெமரி நிரம்பினால் மிச்சம் சாதாரண ராமுக்குப் போகிறது. அங்கிருந்து எடுத்து வரும் பாதை பல மடங்கு மெதுவானது. அதுதான் அந்த உறைதல்.

டெக்ஸ்சரை ஒரு படி இறக்கினேன், உறைதல் நின்றது. மெமரிக்குள் அடங்கும் வரை டெக்ஸ்சர் எஃப்பிஎஸ்ஸைப் பெரிதாகத் தின்னாது. அடங்காத கணத்தில் எல்லாவற்றையும் குழப்பிவிடும். ஆகவே குறைந்த மெமரிக் கார்டு வைத்திருப்பவர்கள் முதலில் தொட வேண்டியது டெக்ஸ்சர். நிழல், புல், தண்ணீர்ப் பிரதிபலிப்பு எல்லாம் அதற்குப் பிறகு.

முல்லை_ரொறன்ரோ

நான் கள்ளப்பாட்டுக்காரன், இப்போது கனடாவில். தம்பி, மாமாவிடம் சொல்லி இங்கிருந்து அனுப்புவிக்கலாமே. வருட முடிவுக் கழிவில் இங்கே விலை நன்றாக இறங்கும். இங்கே என் மகனிடம் 4060 இருக்கிறது, மூன்று மணித்தியாலம் தொடர்ந்து விளையாடினாலும் 75 பாகையைத் தாண்டுவதில்லை.

திருத்துனர்_வவுனியா

முல்லை அண்ணை, உங்கள் மகனின் அறை எத்தனை பாகை? 21, 22 இருக்குமா? தம்பி கவனமாகப் பார்க்க வேண்டியது இதைத்தான். இதைப் பற்றி எழுதத்தான் திரும்ப வந்தேன்.

யூடியூபில் லப்டொப்பைச் சோதிக்கிறவர்கள் பெரும்பாலும் ஏசி போட்ட அறையில் சோதிக்கிறார்கள். லப்டொப்பின் ஃபேன் செய்வது, அறைக்காற்றை உள்ளே இழுத்துச் சூட்டை வெளியே தள்ளுவது மட்டும்தான். அறைக்காற்றே 33 பாகையாக இருந்தால் சிப்பின் சூடும் ஏறத்தாழ அதே அளவு மேலே போகும். அங்கே 75 காட்டியது இங்கே 86 காட்டும். லப்டொப் என்விடியா கார்டுகள் பெரும்பாலும் 87 பாகைக்குக் கிட்டப் போனதும் தாமாகவே வேகத்தைக் குறைக்கும். ஆக, அங்கே கடைசி வரை முழு வேகத்தில் ஓடிய அதே லப்டொப் வைகாசி வெக்கையில், தகரக் கூரைக்குக் கீழே, அரை மணித்தியாலத்தில் மூச்சு வாங்கத் தொடங்கும். கார்டில் பழுது ஒன்றுமில்லை. வன்னிக்கு வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

அதற்கு மேல் புழுதி. சோளகம் அடிக்கிற காலத்தில் எங்கள் பக்கம் மேசை துடைத்து ஒரு மணித்தியாலத்தில் விரல் வைத்து எழுதலாம். திருத்த வருகிற கேமிங் லப்டொப்பின் பின்மூடியைக் கழற்றினால் ஃபேன் சுத்தமாகத்தான் தெரியும். ஃபேனைக் கழற்றி எடுத்தால்தான், அதற்கும் செப்புத் தகடுகளுக்கும் நடுவே சிவப்பாக ஒரு படலம் தெரியும். செம்மண் தூளும் தலைமயிரும் நூலும் சேர்ந்து தடித்து, இடுக்கியால் பிடித்து இழுத்தால் முழுத் துண்டாக உரிந்து வரும். காற்று வெளியேறும் வழியே அதுதான். வெளியில் இருந்து தூரிகை போட்டால் அது அசையாது. புளோவரால் ஊதுவதென்றால் ஃபேனைச் சுற்றவிடாமல் குச்சியால் பிடித்துக்கொண்டு ஊத வேண்டும், இல்லாவிட்டால் பெயரிங் போகும்.

ஆகவே தம்பி, என் கருத்து இதுதான்: இந்த விலையில் கார்டின் பெயரை விட உடம்பு முக்கியம். அதாவது ஃபேன் இரண்டா, சூட்டுக் குழாய் எத்தனை, காற்று பின்னால் போகிறதா, அல்லது திரைக்குக் கீழே இடிக்கிறதா. மெல்லிய உடம்பில் 4060 ஐ அடைத்து வைத்திருப்பதை விட, தடித்த உடம்பில் 4050 இங்கே நன்றாக ஓடும். கைக்குப் பாரம்தான், ஆனால் சுமந்து பழகலாம்.

கனடாவில் இருந்து எடுப்பதென்றால் அடப்டரில் 100-240 வோல்ட் என்று இருக்கிறதா பாருங்கள், இருந்தால் பிளக் மட்டும்தான் பிரச்சினை. உத்தரவாதம் இலங்கையில் செல்லுமா என்பதை எழுத்தில் கேளுங்கள். பல மொடல்களுக்கு வாங்கிய நாட்டில் மட்டும்தான் செல்லும். மதர்போர்டில் ஒட்டிய கார்டு உத்தரவாதம் இல்லாத நேரத்தில் பழுதானால் போர்டையே மாற்ற வேண்டி வரும், அந்தச் செலவுக்கு இன்னொரு லப்டொப்பில் பாதி வாங்கலாம்.

முல்லை_ரொறன்ரோ

விளங்குகிறது. அறை 21 பாகைதான். உத்தரவாதத்தை மாமா அங்கேயே கேட்டு வைக்கட்டும்.

பரந்தன்_தம்பி

நன்றி அண்ணை. கேட்க நினைத்த இன்னொன்று: கரண்ட் நின்றால் பற்றரியில் விளையாடலாமா? எங்கள் பக்கம் மழைக்காலத்தில் அடிக்கடி நிற்கும்.

முத்தையன்கட்டு

வலோரண்ட் கொஞ்ச நேரம் விளையாடலாம். மற்றதெல்லாம் மறந்துவிடுங்கள். பற்றரியில் போனதும் கார்டுக்குப் போகும் வாட்டை லப்டொப் பாதிக்கும் கீழே இறக்கிவிடும். விமானத்தில் ஏற்றலாம் என்பதற்காக லப்டொப் பற்றரி 100 வாட்-மணித்தியாலத்தைத் தாண்டுவதில்லை. இந்த விலையில் வருவது பெரும்பாலும் 50, 60 தான். கார்டும் புரொசஸரும் சேர்ந்து 100 வாட் கேட்டால் கணக்கு நீங்களே போடலாம்.

டைப்-சி 65 வாட் சார்ஜரில் போட்டு விளையாடுவதும் சரிவராது. சார்ஜர் செருகியிருந்தாலும் பற்றரி இறங்கிக்கொண்டே போகும். பெரிய அடப்டரைத்தான் பாவிக்க வேண்டும். அப்புறம், இடி இடிக்கும்போது செருகியை முழுதாகக் கழற்றி வையுங்கள். வோல்ட் குறைவதை அடப்டர் தாங்கும், மின்னலைத் தாங்காது.

மாங்குளம்_சந்தி

சரி, லப்டொப்தான் என்று வைத்துக்கொள்வோம். 4050 இன் 6 ஜிபி எத்தனை வருடத்துக்குப் போதும்? 2024 கடைசியில் வந்த இந்தியானா ஜோன்ஸ் கேமுக்குக் குறைந்தபட்சமே 8 ஜிபி கேட்டார்கள், கதிர்த்தடம் (ஒளி போகும் பாதையைக் கணக்கிட்டு வரைவது) செய்யும் வன்பொருளும் கட்டாயம். ஜிடிஏ 5 இலும் 2025 மார்ச்சில் புதிய பதிப்பு ஒன்று வந்துவிட்டது, பழையதை விட அது கூடக் கேட்கிறது. படிப்பு முடிய நாலு வருடம். அவ்வளவு காலத்துக்கு 6 ஜிபியை நம்பி மூன்று லட்சத்தைப் போடச் சொல்கிறீர்களா? இன்னும் கொஞ்சம் சேர்த்து 8 ஜிபி எடுக்கச் சொல்லுங்கள்.

மல்லாவி_அக்கா

"இன்னும் கொஞ்சம்" என்பது யாருடைய காசு? அந்தப் பிள்ளை வரம்பைச் சொல்லித்தான் கேட்டிருக்கிறது. பெறுமதி சேர் வரி 18 வீதமானதில் இருந்து எல்லாச் சாமானும் விலை. மாமா அனுப்புவது போக மிச்சத்தை அம்மா தேட வேண்டும். எட்டுக்குப் போகலாம் என்று சொல்வது சுலபம்.

திருத்துனர்_வவுனியா

மாங்குளம் சொன்னதில் நியாயம் இருக்கிறது. மெமரிதான் முதலில் பழசாகும். கோர் வேகம் போதாவிட்டால் செற்றிங்கைக் குறைத்துச் சமாளிக்கலாம், மெமரி போதாவிட்டால் சில கேம் திறக்கவே மறுக்கும். 8 ஜிபி வரம்புக்குள் கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு எடுங்கள். ஆனால் தம்பி கேட்ட மூன்று கேமுக்கும் 6 ஜிபி போதும். அக்கா சொன்னது போல, கடன்பட்டு எடுக்கிற அளவுக்கு இதில் ஒன்றுமில்லை.

4050 க்கு இன்னொரு நன்மை டிஎல்எஸ்எஸ். கேமைச் சிறிய அளவில் வரைந்து, பெரிதாக்கிக் காட்டும் வித்தை. 2050, 3050 இலும் அது உண்டு. ஃபிரேம்களை நடுவில் புதிதாகச் செய்து போடும் வசதி 40 வரிசையில் இருந்துதான் வருகிறது. ஆனால் அதுவும் மெமரியைத் தின்னும் என்பதை நினைவில் வையுங்கள். 30 எஃப்பிஎஸ்ஸில் திணறுகிற கேமில் அதைப் போட்டால் எண் மட்டும் கூடும், கை அமுக்குவதற்கும் திரையில் நடப்பதற்கும் இடையிலான தாமதம் குறையாது.

திரையிலும் கவனம். 4050 க்கு 1920×1080 திரைதான் பொருத்தம். கடையில் 2560×1600 திரையைக் காட்டி ஆசை காட்டுவார்கள். அதில் புள்ளிகள் ஏறத்தாழ இரண்டு மடங்கு, கார்டுக்கு வேலையும் அவ்வளவு கூடும். மக்ஸ் சுவிட்ச் இருக்கிறதா என்றும் கேளுங்கள். அது இல்லாவிட்டால் என்விடியா வரைந்த படம் புரொசஸரோடு வரும் சின்னக் கிராபிக்ஸ் வழியாகத்தான் திரைக்குப் போகும், அதில் கொஞ்ச எஃப்பிஎஸ் கழியும்.

கடையில் காசு கொடுக்க முன் லப்டொப்பைத் திறக்கச் சொல்லி என்விடியா கொன்ட்ரோல் பனலுக்குப் போங்கள். உதவி என்ற இடத்தில் கணினித் தகவலைத் திறந்தால் கார்டின் உச்ச வாட் எழுதியிருக்கும், மெமரி எவ்வளவு, பாதை எத்தனை பிட் என்பதும் அங்கேயே இருக்கும். 3050 என்றால் இதைக் கட்டாயம் பாருங்கள், ஏனென்றால் 4 ஜிபி, 6 ஜிபி என்று இரண்டு வகை அதே பெயரில் இருக்கிறது. 6 ஜிபி வகையில் கோர்கள் 2560. கொழும்பில் பம்பலப்பிட்டியில் வாங்கினாலும் வவுனியாவில் வாங்கினாலும் இதைப் பார்க்க விடாத கடையில் வாங்காதீர்கள்.

முத்தையன்கட்டு

வெக்கைக்கு நான் செய்வது: விண்டோஸ் பவர் செற்றிங்கில் புரொசஸரின் உச்ச நிலையை 100 இல் இருந்து 99 ஆக்கியிருக்கிறேன். டர்போ (புரொசஸர் வழமை வேகத்துக்கு மேல் ஓடுவது) நின்றுவிடும். புரொசஸரும் கார்டும் ஒரே சூட்டுக் குழாயைப் பகிர்வதால் அது குளிர்ந்தால் இதற்கு இடம் கிடைக்கும். என் லப்டொப்பில் ரெட் டெட் 2 இப்படித்தான் சீராக ஓடுகிறது. வலோரண்ட் விளையாடும்போது மட்டும் திரும்ப 100 க்கு மாற்றுவேன், அதற்குப் புரொசஸர் தேவை. எஃப்பிஎஸ்ஸை 60 இல் பூட்டியும் வைத்திருக்கிறேன். பின்பக்கம் இரண்டு கட்டை வைத்து உயர்த்தி, எதிரே மேசை ஃபேன்.

பரந்தன்_தம்பி

எல்லாருக்கும் நன்றி. இன்று மாலை கிளிநொச்சிக் கடைக்குத் திரும்பப் போய்ப் பார்த்தேன். 2050 ஐ விட்டாயிற்று. 3050 ஐத் திறந்து பார்த்தோம், 4 ஜிபி வகைதான். 4050 தடித்த உடம்பு, இரண்டு ஃபேன், காற்று பின்னால் போகிறது, கொன்ட்ரோல் பனலில் உச்ச வாட் 95 என்று காட்டியது, திரை 1920×1080. வரம்புக்குக் கொஞ்சம் உள்ளேயே வருகிறது. அதைத்தான் எடுக்கப் போகிறேன். ஆனால் ராம் 8 ஜிபி ஒன்றுதான் போட்டிருக்கிறார்கள். அது போதுமா, இல்லை இப்போதே கூட்ட வேண்டுமா?

திருத்துனர்_வவுனியா

95 வாட் என்றால் நல்லது, எடுங்கள். ராமை இப்போதே கூட்டுங்கள், மிச்சக் காசு அதற்குத்தான். 8 ஜிபியில் விண்டோஸும் பிரவுசரும் சேர்ந்து பாதியை எடுத்துவிடும், சொலிட்வேர்க்ஸும் திணறும். அதே வகை, அதே வேகத்தில் இன்னொரு 8 ஜிபி போட்டால் மொத்தம் 16 ஆகும், இரண்டு ஸ்லொட்டும் சேர்ந்து வேலை செய்வதால் கேமில் திடீர்த் தடக்கலும் குறையும். உள்ளே இருப்பது டிடிஆர் 4 ஆ 5 ஆ என்று பார்த்து வாங்குங்கள், ஒன்றின் ஸ்லொட்டில் மற்றது ஏறாது. கடையிலேயே போட்டுத் தரச் சொல்லுங்கள், பின்மூடியைக் கழற்றியதால் உத்தரவாதம் போகாது என்று பில்லில் எழுதி வாங்குங்கள். புழுதி எடுக்கிறதுக்கு எப்படியும் பிறகு திறக்கத்தான் வேண்டும்.